வீட்ல யாரும் இல்லைன்னு சொன்ன தெர்மோஸ்டாட்!

ஜெர்சி சிட்டி: ஜனவரி மாசக் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை மதியம். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு டே கேர்ல இருந்து போன் வந்ததால, மன்ஹாட்டன் ஆபீசில் இருந்து பாத் ரயிலைப் பிடித்து ஓடி வந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக் கதவைத் திறந்தால், உள்ளே சில்லென்று இருக்கிறது. அம்மா கிச்சனில் கேஸ் அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல சால்வை, தலையில மங்கி குல்லா. அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக் கொண்டிருந்தது.

"என்னம்மா இது, ஹீட்டர் ஓடலையா?"

"தெரியலப்பா. நீங்க ரெண்டு பேரும் போனதுக்கப்புறம் இப்படித்தான் குளுரும். சாயங்காலம் தானா சரியாயிடும்."

"தினமுமா?"

"அமெரிக்கான்னா குளுரும்னு தெரிஞ்சுதானே வந்தேன். இதுக்குப் போய் உனக்கு ஆபீசுக்குப் போன் பண்ணுவாங்களா?"

ஹாலில் இருந்த தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். 61 டிகிரி. நம்ம ஊர்க் கணக்கில் 16 செல்சியஸ். எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'அவே' என்று போட்டிருந்தது. அதாவது, வீட்டில் யாரும் இல்லையாம்.

போன் இருந்தாத்தான் ஆள்

போனில் ஆப்பைத் திறந்து பழைய கணக்கை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அம்மா வந்த மூணு வாரத்தில், நானும் மனைவியும் சேர்ந்து ஆபீஸ் போன ஒன்பது நாளும் இதே கதைதான். காலையில் எங்கள் ரெண்டு போனும் வீட்டை விட்டு வெளியே போகின்றன. தெர்மோஸ்டாட்டில் ஒரு மோஷன் சென்சார் உண்டு. ஆனால் அது இருப்பது ஹாலில். அம்மா இருப்பதோ உள் ரூமில், கட்டிலில் போர்வைக்குள், யூட்யூபில் சீரியல் பார்த்தபடி. ஹாலில் அசைவு இல்லை, பதிவான போன்களும் இல்லை. ஆக, வீடு காலி. ஃபர்னஸை நிறுத்தி 60 டிகிரி வரை விட்டுவிடலாம் என்று அது முடிவு பண்ணிக்கொள்கிறது. ஹைட்ஸ் ஏரியாவில் எங்களுடையது பழைய மரச்சட்ட வீடு, நாங்கள் இருப்பது மாடியில். வெளியே 20 டிகிரி பாரன்ஹீட் அடிக்கும் நாளில் மதியத்துக்குள் சூடெல்லாம் இறங்கிவிடும்.

சரி, மூணு வாரமா எங்களுக்கு ஏன் தெரியவில்லை? அதுதான் இதில் மோசமான விஷயம். சாயங்காலம் நான் ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயில் ஏறி இந்தப் பக்கம் வரும்போதே என் போன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தெர்மோஸ்டாட் ஹீட்டரைப் போட ஆரம்பித்துவிடும். ஜர்னல் ஸ்கொயரில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குள் நுழையும்போது 69 டிகிரி, இதமாக இருக்கும். "பாத்தியாம்மா, நாங்க வர்றதுக்குள்ள வீடே சூடாயிருது" என்று நான் பெருமை அடித்தது கூட ஞாபகம் இருக்கிறது. அம்மா தலையாட்டினார். ரெண்டாவது வாரத்தில் முட்டி வலிக்குது என்றார். வயசாகுது, ஃப்ளைட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்தது என்று நாங்களே காரணம் கண்டுபிடித்து அமிர்தாஞ்சன் தேய்த்துவிட்டோம்.

சாப்ட்வேர்க்காரங்க பாஷையில இதை பக் என்று சொல்ல முடியாது. நான் கொடுத்த செட்டிங்கைத்தான் அது ஒழுங்காகச் செய்தது. நாங்கள் 'எட்ஜ் கேஸ்' என்று ஒன்று சொல்லுவோம். அபூர்வமாக வரும் நிலைமை, அப்புறம் பார்த்துக்கலாம் என்று டிக்கெட் போட்டுத் தள்ளி வைப்போம். ஊரிலிருந்து வந்த அம்மா, இந்திய நம்பர் போட்ட போன், பகலில் தனியாக வீட்டில். இது எட்ஜ் கேஸா? எங்கள் தெருவில் குளிர்காலத்தில் நம்ம ஊர் பெரியவர்கள் இருக்கும் வீடுகளை என்னால் விரல் விட்டு எண்ண முடியாது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படித்ததில் ரெண்டு தகவல் உறுத்தின. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம், வயசானவர்கள் இருக்கும் வீட்டில் குறைந்தது 68 டிகிரியாவது வைக்கச் சொல்கிறது. 60 முதல் 65 டிகிரி என்பதே அவர்களுக்கு ஹைப்போதெர்மியா, அதாவது உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கும் நிலையை, கொண்டு வரலாமாம். அடுத்தது நியூ ஜெர்சியின் வாடகை வீட்டு விதி. ஹீட்டிங் பொறுப்பு வீட்டுக்காரரிடம் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில், அக்டோபர் 1 முதல் மே 1 வரை காலை 6 மணியிலிருந்து இரவு 11 வரை 68 டிகிரி, மற்ற நேரத்தில் 65 டிகிரி கொடுத்தே ஆகணும். வீட்டுக்காரர் 61 வைத்திருந்தால் நான் சிட்டி ஹாலுக்குப் புகார் கொடுத்திருப்பேன். வைத்தது நானாச்சே!

அதே பெட்டிதான் வீட்டையும் காப்பாத்துச்சு

இப்படிச் சொன்னதும் அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்திருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாசம் முன்னாடி டிசம்பரில் நாங்கள் திண்டுக்கல்லில் இருந்தோம். அம்மாவைக் கூட்டி வரத்தான் போனது. வீட்டை 55 டிகிரியில் விட்டுவிட்டுப் போனோம். குளிர்காலத்தில் வெளியூர் போகும்போது அதற்குக் கீழே விடாதீர்கள் என்று செஞ்சிலுவைச் சங்கமே சொல்கிறது. தண்ணிக் குழாய் உறைந்து வெடித்தால் கூரையும் சுவரும் தரையும் காலி, கீழ் வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

ஒரு நாள் காலையில் மாமா வீட்டில் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் அலெர்ட். வீடு 49 டிகிரி, இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஃபர்னஸ் பற்றவே இல்லை. ஜர்னல் ஸ்கொயரில் இருக்கும் நண்பரிடம் ஸ்பேர் சாவி கொடுத்திருந்தேன். அங்கே ராத்திரி பத்தரை. பாவம், மனுஷன் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மெக்கானிக் வந்து, மறுபடி ஓட விட்டபோது அங்கே விடியப் போகிறது. பழைய தெர்மோஸ்டாட் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மூணு வாரம் கழித்து வந்து ஐஸ் கட்டிய தரையைத்தான் பார்த்திருப்பேன். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் அதன் மேல் எனக்கு ஒரு குருட்டு நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்ததும் நாம் செட்டிங்கைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

காசு நிஜமாவே மிச்சமாகுதா?

நான் இதை வாங்கினது போன வருஷக் கோடையில். நியூ ஜெர்சியில் 2025 ஜூன் முதல் கரண்ட் பில் சுமார் 17 முதல் 20 சதவீதம் ஏறியது நம்ம ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கும். எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் அதுதான் பேச்சு. மின் நிறுவனம் ரிபேட் வேறு கொடுத்தது. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, பழசைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நானே மாட்டினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெரும்பாலான வீடுகளில் தெர்மோஸ்டாட் என்பது 24 வோல்ட் சுவிட்ச்தான். சூட்டுக்கு ஒரு வயர், ஏசிக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று. வைஃபை பெட்டிக்கு எந்நேரமும் கரண்ட் வேண்டும் என்பதால் கூடுதலாக 'சி' வயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கணும்.

எவ்வளவு மிச்சம்? எனர்ஜி ஸ்டார் அமைப்பின் கணக்கு, ஹீட்டிங் கூலிங் செலவில் சராசரி 8 சதவீதம். நெஸ்ட் நிறுவனம் 2015-ல் தன் தெர்மோஸ்டாட் பற்றி வெளியிட்ட அறிக்கையில் ஹீட்டிங்கில் 10 முதல் 12 சதவீதம், கூலிங்கில் 15 சதவீதம் என்று சொன்னது. விற்பவன் கணக்கு எப்பவும் ரெண்டு படி மேலேதானே இருக்கும்! ஆனால் அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வதையும் கேளுங்கள். தினம் 8 மணி நேரம் 7 முதல் 10 டிகிரி வரை குறைத்து வைத்தால் வருஷத்துக்கு 10 சதவீதம் வரை மிச்சம். அதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. வெளியே போகும்போது கையால் திருகிவிட்டுப் போனாலே போதும்.

நாம் திருகுவதில்லை என்பதுதான் பிரச்சினை. டைம் போட்டு வைக்கும் புரோகிராமபிள் தெர்மோஸ்டாட்டுகளுக்கு எனர்ஜி ஸ்டார் முத்திரை கொடுத்துக் கொண்டிருந்தார்கள். 2009 கடைசியில் அதையே நிறுத்திவிட்டார்கள், ஜனங்கள் புரோகிராம் செய்யாமல் விட்டதால் எதிர்பார்த்த சேமிப்பு வரவில்லை என்று. அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் 2011-ல் நெஸ்ட் உள்ளே வந்தது. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், நானே கத்துக்கிறேன் என்றது. 2014-ல் கூகுள் அந்தக் கம்பெனியை 320 கோடி டாலருக்கு வாங்கியது.

அதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்று ஒரு வாத்தியார். காலேஜில் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காவலாளி ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துவிட்டு, அடித்தளத்துக்கு இறங்கிப் போய் சரிசெய்ய வேண்டியிருந்ததாம். பாடம் நடுவில் கதவு திறக்கும் தொல்லை. அதற்காக அவர் செய்த மின்கருவிக்கு 1883-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்து, 1953-ல் ஹனிவெல் கம்பெனியின் வட்ட வடிவ தெர்மோஸ்டாட். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது. வலது பக்கம் திருகினால் சூடு, இடது பக்கம் திருகினால் குறையும். எங்க அம்மா அதை அரை நிமிஷத்தில் பிடித்திருப்பார்.

சுவர் நம்முடையது, பட்டன் யாருடையது?

என் கதையில் பட்டன் என் கையில் இருந்தது. டெக்சாஸில் 2021 ஜூனில் நடந்தது வேறு. வெயில் கொளுத்த, மின்சாரம் பற்றாக்குறை. சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று ஜூன் 14-ம் தேதி மின்தொகுப்பை நிர்வகிக்கும் எர்காட் வேண்டுகோள் விட்டது. ஹூஸ்டன் பக்கம் சிலர் மதியத் தூக்கத்தில் இருந்து வியர்த்துப்போய் எழுந்து பார்த்தால், ஏசி செட்டிங் தானாக ஏறியிருக்கிறது. கைக்குழந்தை இருந்த வீடும் அதில் ஒன்று. விசாரித்தால், 'ஸ்மார்ட் சேவர்ஸ் டெக்சாஸ்' என்ற திட்டத்தில் அவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பற்றாக்குறை நேரத்தில் 4 டிகிரி வரை வெளியில் இருந்தே ஏற்ற அனுமதி உண்டு என்று விதிமுறையில் இருக்கிறது. பதிலுக்குக் கிடைத்தது? 5,000 டாலர் வரை பில் தள்ளுபடி தரும் குலுக்கல் சீட்டில் ஒரு பெயர்.

அடுத்த வருஷம், 2022 ஆகஸ்ட் 30. கொலராடோவில் எக்செல் எனர்ஜியின் வாடிக்கையாளர்கள் சுமார் 22,000 பேருக்கு தெர்மோஸ்டாட்டில் கை வைத்தாலும் மாறவில்லை. அவசர நிலைமை, பூட்டியிருக்கிறது என்று வந்தது. அவர்களும் சேரும்போது 100 டாலரும், அப்புறம் வருஷத்துக்கு 25 டாலரும் வாங்கிக்கொண்டு சம்மதித்தவர்கள்தான்.

இதில் மின் நிறுவனங்களை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதே டெக்சாஸில் 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் 45 லட்சம் வீடுகளுக்குக் கரண்ட் போனது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் செத்துப்போனார்கள். ஆளுக்கு நாலு டிகிரி விட்டுக்கொடுத்து ஊரே இருட்டாவதைத் தடுக்க முடியும் என்றால் நான் தருவேன். ஆனால் கேட்டு வாங்கணும். முப்பது பக்க விதிமுறையில் பதினேழாவது பக்கத்தில் எழுதிவிட்டு, தூங்கும்போது எடுத்துக்கொள்வது கேட்டு வாங்குவது ஆகாது. என் ரிபேட் பேப்பரை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். அதே மாதிரி திட்டம் ஒன்றும் அதில் டிக் ஆகியிருந்தது. மாட்டின அன்றைக்கு 'ஐ அக்ரீ' அமுக்கினது யார்? பொறியியல் படித்த இதே நான்தான்.

நம்ம ஊரிலும் இது வந்துகொண்டுதான் இருக்கிறது, வேறு ரூபத்தில். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் லேபிள் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்கணும் என்று விதி வந்தது. 2025 ஜூனில், 20-க்கும் 28-க்கும் நடுவில்தான் வைக்க முடியும்படி செய்யப் போவதாக மத்திய அமைச்சர் அறிவித்தார். 24-ல் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அது வெறும் ஆரம்பம்தான். ரிமோட் நம் கையில் இருக்கிறது, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

எக்ஸ்பைரி டேட் உள்ள சுவர்

நம்ம மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் மோட்டார் கருகும் வரை ஓடும். வைஃபை தெர்மோஸ்டாட்டுக்கு ஆயுசு வேறு இடத்தில் தீர்மானம் ஆகிறது. 2025 அக்டோபர் 25-ம் தேதியோடு முதல் ரெண்டு தலைமுறை நெஸ்ட் லேர்னிங் தெர்மோஸ்டாட்டுகளுக்கு ஆதரவை கூகுள் நிறுத்திவிட்டது. சுவரில் கையால் திருகினால் வேலை செய்யும். போனில் இருந்து செய்ய முடியாது, புது அப்டேட்டும் வராது. அது பரவாயில்லை, கடைசியில் திருகவாவது விட்டார்கள். 2016 ஜனவரியில் ஒரு சாப்ட்வேர் கோளாறில் நெஸ்ட் பேட்டரி இறங்கிப் போய், அந்தக் குளிரில் பல வீடுகள் ஹீட்டர் இல்லாமல் கிடந்தது நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி.

இன்னொன்று, பேச யோசிக்கிற விஷயம். 2018-ல் அதே பத்திரிகையில், பிரிந்துபோன கணவன் வெளியில் இருந்தே வீட்டுச் சூட்டை ஏற்றி இறக்கித் துன்புறுத்துவது பற்றி ஒரு கட்டுரை வந்தது. நம்ம வீடுகளில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்க வீட்டு தெர்மோஸ்டாட், கதவு லாக், கேமரா, வைஃபை எல்லாம் யார் ஈமெயிலில் இருக்கிறது? எனக்குத் தெரிந்த பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் கணவன் பெயரில். எச்-4 விசாவில் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மனைவி, "ஏங்க, கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்று ஆபீசுக்கு மெசேஜ் அனுப்பணும். குளிரெடுப்பது ஒருத்தருக்கு, பட்டன் இன்னொருத்தரிடம். எங்க வீட்டில் மனைவி போனில் ஆப் இருந்தது, ஆனால் பாஸ்வேர்டை நான் மாற்றினதில் எப்பவோ வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. அவங்க போன் எங்கே இருக்கு என்பது மட்டும் அதற்குத் தெரியும். அவங்களால் அதை மாற்ற முடியாது. இதை மனைவி சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன், அதுவும் கொஞ்சம் சத்தமாக.

ஒரு பொட்டு

அன்றைக்கே ஆட்டோ அவே வசதியை நிறுத்தினேன். மின் நிறுவனத் திட்டத்தில் இருந்து வெளியே வந்தேன். எந்தச் சமயத்திலும் 68-க்குக் கீழே போகாதபடி பூட்டினேன், ஊருக்குப் போகும்போது மட்டும் எடுத்துவிடலாம். மனைவிக்குத் தனி லாகின். அலெர்ட் மட்டும் அப்படியே இருக்கட்டும், டிசம்பரை நான் மறக்கவில்லை.

அம்மா போனிலும் ஆப்பைப் போட்டுத் தர்றேன் என்றேன். "என் போன்ல வேற எதையும் ஏத்தாத, சீரியல் நின்னு நின்னு ஓடுது" என்றார். சரி, சுவரிலேயே அமுக்கக் கற்றுக்கொடுத்தேன். டச் ஸ்க்ரீனில் எது கூட்டுறது, எது குறைக்கிறது என்று அவருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை. மனைவி வந்து தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கூட்டுகிற பக்கம் சட்டத்தில் ஒட்டினார். "அத்தை, பொட்டுக்குப் பக்கத்துல தொடுங்க. அவ்வளவுதான்."

பிப்ரவரி முதல் வாரம் வழக்கம்போல அந்த ஈமெயில் வந்தது. ஜனவரியில் அருமையாகச் சேமித்திருக்கிறீர்கள், பாராட்டுகள் என்று. டிசம்பர் ரிப்போர்ட்டை குரூப்பில் போட்டு நாலு பேரிடம் தம்ஸ் அப் வாங்கியவன் நான். இதை யாருக்கும் அனுப்பவில்லை.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது 74-ல் இருந்தது. கொஞ்சம் அதிகம்தான் என்று 70-க்கு இறக்கிவிட்டு ரயில் ஏறினேன். க்ரோவ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் சிக்னல் கிடைத்ததும் போனில் நோட்டிபிகேஷன். வீட்டில் யாரோ தெர்மோஸ்டாட்டை 74-க்கு மாற்றியிருக்கிறார்கள், மறுபடி 70-க்குக் கொண்டு வரவா என்று கேட்டது. வேண்டாம் என்பதை அமுக்கிவிட்டுப் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.